வானத்துப் பரணி பாடுவோருக்கு

போர் விமானி என்று சொன்னதும் எல்லோர் மனத்திலும் ஒரே படம்தான் எழுகிறது. கழுத்தில் வெள்ளைப் பட்டுத்துணி, நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட கண்ணாடி, உதட்டில் அலட்சியப் புன்னகை. மேகத்துக்கு மேலே அவன் ஒருவன், எதிரே இன்னொருவன். கீழே லட்சக்கணக்கான சிப்பாய்கள் சேற்றுக் குழிகளில் பெயர் தெரியாமல் மடிந்துகொண்டிருக்க, இவன் மட்டும் பெயரோடும் முகத்தோடும் பழங்கால வீரனைப்போல நேருக்கு நேர் நின்று போரிட்டான் என்கிறார்கள். சினிமா இதைச் சொல்கிறது, சிறுவர் நூல்கள் சொல்கின்றன, விவரம் தெரிந்தவர்களும் இதையே திருப்பிச் சொல்கிறார்கள். இந்தப் படம் பொய். யாரைப் புகழ்வதாக அது நினைக்கிறதோ அந்த விமானிக்கே அது அநீதி செய்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் அதன் முழு வலுவோடு வைத்துவிடுகிறேன். ஒற்றை இருக்கை விமானத்தில் கடைசி நொடியில் விமானிக்கு உதவ யாருமில்லை. சுடுவதும் தப்புவதும் அவன் கையில்தான். ஜப்பானிய விமானி சபுரோ சகாய் 1942 ஆகஸ்டில் குவாடல்கனால் அருகே தலையில் குண்டு பாய்ந்து, ஒரு கண் பார்வை போய், உடலின் ஒரு பக்கம் மரத்துப்போன நிலையில், ஆயிரம் கிலோமீட்டர் தொலைவைத் தனியாக ஓட்டிக் கடந்து ரபவுல் தளத்தில் இறங்கினார். எரிக் ஹார்ட்மன் என்ற ஜெர்மானியரின் பெயரில் 352 வெற்றிகள் பதிவாகியிருக்கின்றன. 1940 கோடையில் பிரிட்டனைக் காப்பாற்றியவர்கள் மூவாயிரம் பேருக்கும் குறைவான விமானிகள்தான் என்று சர்ச்சில் காலத்திலிருந்து உலகமே சொல்கிறது. தனிமனித வீரத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கேட்கிறார்கள்.

சகாயின் அந்தப் பயணத்தை நினைத்தால் எனக்கும் மெய்சிலிர்க்கிறது. வீரம் இருந்தது என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. அந்த வீரத்துக்கு இவர்கள் சொல்லும் பொருளோடுதான் சண்டை.

1. தனியாகப் போரிட்டானா?

1940 ஆகஸ்டில் ஒரு காலை. தென் இங்கிலாந்தில் ஒரு புல்வெளித் தளத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் ஸ்பிட்ஃபயர் விமானத்தில் ஏறுகிறான். எதிரி எங்கே இருக்கிறான் என்று அவனுக்குத் தெரியாது. எந்தத் திசை, எத்தனை ஆயிரம் அடி உயரம், எத்தனை விமானங்கள், எல்லாமே காதில் வரும் ஒரு குரல் சொன்னால்தான் உண்டு. அந்தக் குரலுக்குப் பின்னால் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கடலோரத்து ரேடார் கோபுரங்கள், ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பால் விமானங்கள் திரளும்போதே கண்டுகொண்டன. ஆனால் அவை கடலைப் பார்த்து நின்றவை. கரைக்கு உள்ளே அவற்றுக்குக் கண் இல்லை. கரை தாண்டி வந்ததைக் கண்காணித்தவர்கள் அப்சர்வர் கோர் தொண்டர்கள், சுமார் 30,000 பேர். குன்றின்மேலும் வயலோரத்திலும் தொலைநோக்கியும் கையுமாக நின்றார்கள். மேகம் மூடினால் இரைச்சலைக் கேட்டே திசை சொன்னார்கள். ரேடார் நிலையங்கள் தொலைபேசியில் சொன்னது எல்லாம் லண்டனுக்கு வெளியே பென்ட்லி பிரையரி மாளிகைக்குப் போய், பிழை களையப்பட்டு, பிறகுதான் கட்டுப்பாட்டு அறைகளுக்கு வந்தது.

அந்த அறை ஒன்றுக்குள் போய்ப் பார்ப்போம். நடுவில் பெரிய மேசை, அதன்மேல் தென் இங்கிலாந்தின் வரைபடம். சுற்றிலும் விமானப்படையின் பெண்கள் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள். காதில் செவிப்பேசி, கையில் நீண்ட கோல். தகவல் வர வர, எதிரிக் கூட்டத்தைக் குறிக்கும் கட்டைகளை வரைபடத்தின்மேல் தள்ளுகிறார்கள். சுவரில் ஒரு கடிகாரம். அதன் முகம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிறமாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மாறி மாறித் தீட்டப்பட்டிருக்கிறது. மேசையில் வைக்கும் அம்புக்குறியும் அது வைக்கப்படும் நேரத்து நிறத்திலேயே இருக்கும். மேலே மாடத்தில் அமர்ந்திருக்கும் அதிகாரி, எந்தத் தகவல் இப்போது வந்தது, எது ஆறிப்போனது என்று ஒரே பார்வையில் அறிந்துகொள்வார். பத்து நிமிடத்துக்கு முந்தைய தகவலை நம்பி விமானங்களை ஏற்றினால் அவை வெற்று வானத்தில் எரிபொருளைத் தீர்த்துவிட்டு இறங்கும். ஒரு கடிகார முகத்துக்கு நிறம் தீட்டலாம் என்று யோசித்தவர் எந்த வீரக் கதையிலும் வருவதில்லை.

தரையில் இருந்தவர்களும் வருவதில்லை. ஸ்பிட்ஃபயரின் எட்டுத் துப்பாக்கிகளுக்கும் தலா 300 தோட்டாக்கள். விசையை அழுத்திப் பிடித்தால் ஏறத்தாழ 15 நொடியில் எல்லாம் தீர்ந்துவிடும். அதன்பின் அந்த வீரன் வானத்தில் வெறுங்கையன். இறங்கியதும் ஓடிவந்து எண்ணெய் நிரப்பி, தோட்டாப் பட்டைகளைக் கோத்து, சில நிமிடங்களில் அவனைத் திரும்ப அனுப்பியவர்களின் தலைமேலும் குண்டு விழுந்துகொண்டுதான் இருந்தது. 1940 ஆகஸ்ட் 30 அன்று பிகின் ஹில் தளத்தில் விழுந்த குண்டுகளுக்கு ஒரே நாளில் 39 பேர் பலியானார்கள். அந்தத் தளத்தில் குண்டுவீச்சுக்கு நடுவிலும் தொலைபேசியை விட்டு நகராமல் இருந்ததற்காக மூன்று பெண்களுக்கு ராணுவப் பதக்கம் கிடைத்தது. அவர்கள் பெயரை எத்தனை பேர் சொல்வார்கள்?

இந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டால் அதே விமானமும் அதே வீரமும் என்ன ஆகும்? பதிலுக்கு ஐரோப்பா போகவேண்டாம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு. முந்திய நாளே கடலில் ரோந்து சென்ற கேட்டலினா விமானம் ஒன்று ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பிவிட்டுத்தான் வீழ்ந்தது. எதிரி வருவது எல்லோருக்கும் தெரியும். எந்த நிமிடம், எந்தத் திசையிலிருந்து என்பதுதான் தெரியாது. அதைச் சொல்லவேண்டிய ரேடார் எச்சரிக்கை வரவேயில்லை. காலை ஏழரை மணி வாக்கில் தலைக்கு மேலே ஜப்பானிய விமானங்களைப் பார்த்த பிறகுதான் ரத்மலானையில் விமானிகள் தங்கள் ஹரிக்கேன்களை நோக்கி ஓடினார்கள். கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலையே ஓடுதளமாக்கி வைத்திருந்த 258ஆம் படையணி 14 ஹரிக்கேன்களை ஏற்றியது, 9 போயின. இங்கிலாந்து வானத்தில் பேர் வாங்கிய அதே ரக விமானங்கள்தான் அவை. கொழும்பு வானத்தில் ஏறியவர்கள் வீரத்தில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். குறைந்தது அந்த மேசை, அந்தக் கடிகாரம், காதில் பேசும் அந்தக் குரல். அவை இல்லாத விமானி மேலே ஏறி உயரம் பிடிப்பதற்குள்ளேயே சுடப்பட்டான். வீரம் மட்டுமே வென்றது என்பவர்கள் கொழும்புக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

2. நேருக்கு நேர் நின்றானா?

இந்த வாதம்தான் எனக்கு அதிகம் வருத்தம் தருகிறது, ஏனென்றால் நம் மரபுச் சொற்களைக் கொண்டே இதற்கு அலங்காரம் செய்கிறார்கள். முதுகில் பட்ட புண்ணுக்கு நாணியவர்கள் நம் புறப்பாட்டு மாந்தர். வானப் போரிலோ முதுகுதான் இலக்கு. முதல் உலகப்போரில் ஆஸ்வால்ட் போல்க்கே 1916இல் தன் விமானிகளுக்குத் தொகுத்துக் கொடுத்த விதிகளின் சாரமே இதுதான்: சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், எதிரிக்குப் பின்னாலிருந்து வா, மிக அருகில் வந்த பிறகே சுடு. அந்தப் போல்க்கே எதிரியால் சாகவில்லை. தன் அணி விமானத்தோடு உரசி விழுந்து இறந்தார். அவரிடம் பாடம் கற்ற மான்ஃபிரட் ஃபான் ரிக்டோஃபன் 80 வெற்றிகளுக்குச் சொந்தக்காரர். அவற்றில் பெரும்பகுதி, படம் எடுக்கவும் பீரங்கிக்கு வழி காட்டவும் வந்த மெதுவான இரட்டை இருக்கை விமானங்கள். 352 எண்ணிய ஹார்ட்மனும், தன்னால் வீழ்ந்தவர்களில் பெரும்பாலோர் தன்னைப் பார்க்கவேயில்லை என்றுதான் சொன்னார்.

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. வானத்தில் உயிர் பிழைக்க அதுதான் வழி. அதை நேர்நின்ற அறப்போர் என்று பெயர் மாற்றுவதுதான் குற்றம். கழுத்தில் சுற்றிய பட்டுத்துணிக்குக்கூட காரணம் இந்த முதுகுதான். பின்னால் யார் வருகிறான் என்று நொடிக்கு நொடி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் சட்டைக் கழுத்து உராய்ந்து தோல் புண்ணாகிவிடும். அதற்காகக் கட்டியது பட்டு. அச்சத்துக்குக் கட்டிய அந்தத் துணியை நாம் மிடுக்குக்குக் கட்டியதாகப் படம் வரைகிறோம்.

கருணை நடந்ததே இல்லையா என்று கேட்பார்கள். நடந்தது. 1943 டிசம்பர் 20 அன்று சிதைந்துபோன ஓர் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தை ஃபிரான்ஸ் ஸ்டீக்ளர் என்ற ஜெர்மானிய விமானி சுடாமல் விட்டு, கடல்வரை துணைக்கும் பறந்தார். உள்ளே காயம்பட்டவர்களை அவர் கண்ணாலேயே பார்த்தார். திரும்பிப் போய் அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ராணுவ நீதிமன்றம். கருணையை மறைத்து வைக்கவேண்டியிருந்த ஒரு போரைக் கருணை வழங்கிய போர் என்று காட்ட அந்தக் கதையையே எடுத்து ஆளுகிறார்கள். மறுபுறம், பிரிட்டனின் சண்டை விமானப் பிரிவுத் தளபதி டவுடிங்கே, தன் நாட்டு மண்ணில் பாராசூட்டில் இறங்கும் தன் விமானியைச் சுடுவதற்கு ஜெர்மானியருக்கு உரிமை உண்டு என்று கருதினார். இறங்கியவன் மறுநாளே இன்னொரு விமானத்தில் ஏறுவான் அல்லவா. இந்தக் கணக்குக்குப் பெயர் அறம் அல்ல.

3. எண்ணிக்கை எதைச் சொல்கிறது?

போரில் ஆயிரம் யானைகளைக் கொன்றவனைப் பாடுவது பரணி என்று நம் பாட்டியல் நூல்கள் சொல்லும். இருபதாம் நூற்றாண்டு அந்த ஆயிரத்தை ஐந்தாகக் குறைத்தது: ஐந்து விமானங்களை வீழ்த்தியவன் ‘ஏஸ்’. அன்று முதல் எண்ணே வீரத்தின் அளவுகோல் ஆகிவிட்டது. எண் எவ்வளவு நம்பத்தக்கது என்று பார்ப்போம். 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தியதாகப் பிரிட்டன் அறிவித்தது. உண்மையில் வீழ்ந்தவை 60 அளவில்தான். விமானிகள் பொய்யர்கள் இல்லை. மூன்று பேர் ஒரே விமானத்தைச் சுடுகிறார்கள். அது புகை கக்கியபடி மேகத்துக்குள் போகிறது. நின்று பார்க்க யாருக்கும் நொடி இல்லை. மூவரும் தளத்தில் இறங்கித் தங்கள் கணக்கில் எழுதுகிறார்கள். எல்லா நாட்டுப் படைகளிலும் இதுவே நடந்தது. இப்படிப்பட்ட எண்களை வரிசைப்படுத்தி, முதல்வன் யார், இரண்டாமவன் யார் என்று வாதாடுவதில் என்ன பயன்?

சரி, ஹார்ட்மனின் 352 முழுக்கச் சரி என்றே வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் முதல்வரான ரிச்சர்ட் பாங்கின் கணக்கு 40. ஹார்ட்மன் எட்டு மடங்குக்கு மேல் வீரரா? அவர் 1,400க்கும் மேற்பட்ட முறை பறந்தார். ஜெர்மானிய விமானப்படையில் விமானி சாகும் வரையிலோ, ஊனமாகும் வரையிலோ, போர் முடியும் வரையிலோ பறக்கவேண்டும். பிரிட்டனும் அமெரிக்காவும் குறிப்பிட்ட காலம் பறந்தவனை முன்னணியிலிருந்து விலக்கிப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பின. 40 எட்டியதும் பாங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுபவசாலிகள் எல்லோரையும் முன்னணியிலேயே வைத்துக்கொண்ட ஜெர்மனி, எரிபொருளும் தட்டிப்போனபோது, புதிய பையன்களை எதிரியின் பயிற்சி நேரத்தில் பாதிகூட இல்லாமல் 1944இல் வானத்துக்கு அனுப்பியது. அவர்கள் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். 352 என்ற எண் ஒரு மனிதனின் திறமையைக் காட்டுகிறது என்றால், தன் ஆசிரியர்களைப் பள்ளிக்கு அனுப்பாத ஒரு படையின் தோல்வியையும் சேர்த்தே காட்டுகிறது.

இன்னொன்றும் உண்டு. கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டார் பிணங்களை மறைக்கவில்லை. பேய்கள் கூழ் அடும் களம் முழுவதையும் காளிக்கும் காட்டினார், நமக்கும் காட்டினார். நம் காலத்து வானப் பரணியில் பிணமே கிடையாது. ‘வீழ்ந்த விமானம்’ என்று எண்ணுகிறார்கள். உள்ளே இருந்தவனை எண்ணுவதில்லை.

4. பிறவி வீரமா, பறந்த நேரமா?

1940 கோடையின் பிரிட்டன் வானப்போரில் மிக அதிக வெற்றி கோரிய ஹரிக்கேன் படையணி பிரிட்டிஷாருடையது அன்று. போலந்து நாட்டவரின் 303ஆம் படையணி. ஆறு வாரத்தில் 126 வெற்றிகளைக் கோரியது. உடனே ‘போலந்துக்காரனின் வெறி’, ‘நாடிழந்தவனின் ரத்தம்’ என்று விளக்கம் எழுதினார்கள். ரத்தத்தை விடுங்கள், பதிவேட்டைப் பாருங்கள். அவர்களில் பலர் போருக்கு முன்பே பல ஆண்டுகள் பறந்தவர்கள். போலந்திலும் பிரான்சிலும் ஏற்கெனவே போரைப் பார்த்தவர்கள். மிக அருகில் போய்ச் சுடப் பழகியவர்கள். அதே கோடையில் பிரிட்டிஷ் படையணிகளுக்கு வந்துசேர்ந்த புதிய பையன்கள் சிலருக்கு ஸ்பிட்ஃபயரில் பத்து, இருபது மணி நேரமே பழக்கம். முதல் வாரத்திலேயே செத்தவர்களில் இவர்கள் ஏராளம். இவர்களிடம் வீரம் குறைவாக இருந்ததா?

வீரத்தை விழுங்கிய இன்னொன்று அணிவகுப்பு. பிரிட்டிஷார் மூன்று மூன்றாக நெருங்கிப் பறக்கப் பழக்கப்பட்டிருந்தார்கள். தலைவன் முன்னே பார்ப்பான். மற்ற இருவரும் அவன் இறக்கையில் இடித்துவிடாமல் இருப்பதிலேயே கண்ணாக இருப்பார்கள். பின்னால் பார்க்க ஆளில்லை. ஜெர்மானியர் ஸ்பெயின் போரில் கற்ற பாடத்தால் இருவர் இருவராக விலகிப் பறந்தார்கள், ஒருவன் முதுகை மற்றவன் காத்தான். வான்சாகசத்தில் பார்க்க அழகாக இருந்த வரிசை, போரில் சவ ஊர்வலம் ஆனது.

எஞ்சினையும் சொல்லவேண்டும். ஸ்பிட்ஃபயரின் மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் கார்புரேட்டர் தடுமாறி எஞ்சின் ஒரு கணம் அணையும். எரிபொருளை நேராகச் செலுத்தும் அமைப்பு கொண்ட ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் அப்படியே குத்திட்டுத் தப்பிவிடும், அல்லது துரத்திவந்து பிடித்துவிடும். இதைத் தணித்தவர் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர். நடுவில் துளையிட்ட ஒரு சிறு உலோகத் துண்டை எரிபொருள் குழாயில் பொருத்தச் செய்தார், 1941இல். அதற்கு முன் அந்த ஒரு கணத் தடுமாற்றத்தில் செத்தவனுக்கும், அதற்குப் பின் பிழைத்தவனுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் விரல் நுனியில் அடங்கும்.

5. அஞ்சாதவனா?

இதுதான் அந்தப் படத்தின் மிகக் கொடிய பகுதி. இங்கே அது உயிர்களையே பறித்தது.

1940இன் விமானிகள் எழுதி வைத்தவற்றில் திரும்பத் திரும்ப வருவது சண்டை அல்ல, தொலைபேசி. ஓடுதளத்து ஓரத்தில் ஒரு குடிசை. வெளியே சாய்வு நாற்காலிகள். மிதவைச் சட்டையோடு படுத்திருக்கிறார்கள். ஒருவன் கையில் புத்தகம், பக்கம் புரளவேயில்லை. உள்ளே மணி அடிக்கிறது. எல்லோர் வயிறும் சுருண்டு எழுகிறது. சிலர் குடிசைக்குப் பின்னால் போய் வாந்தி எடுக்கிறார்கள். தேநீர் வண்டி தாமதமாகும் என்று சொல்லத்தான் அந்த அழைப்பாக இருக்கலாம். ஒரு நாளில் மூன்று முறை, நான்கு முறை மேலே போய்வந்த பையன்களுக்கு இந்த மணி, போர் முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் வீட்டுத் தொலைபேசியில் கேட்டது.

முதல் உலகப்போரின் பேர்பெற்ற பிரிட்டிஷ் விமானி எட்வர்ட் மனக், விமானம் தீப்பற்றினால் தன்னைத் தானே சுட்டுக்கொள்ளக் கைத்துப்பாக்கி எடுத்துச் சென்றார். தீயைப் பற்றி அவர் விடாமல் பேசினார். 1918 ஜூலை 26 அன்று எரியும் விமானத்தில்தான் விழுந்தார். அப்போது பலூனில் ஏறிய கண்காணிப்பாளர்களுக்குப் பாராசூட் இருந்தது. பிரிட்டிஷ் விமானிகளுக்கு இல்லை. பருமன், எடை, நம்பகமின்மை என்று காரணங்கள் சொன்னார்கள். அந்தப் போரின் கடைசி ஆண்டில் ஜெர்மானிய விமானிகள் பாராசூட்டோடு குதித்துத் தப்பியபோதும் பிரிட்டிஷ் விமானிக்கு அது கிடைக்கவில்லை. அதே ஜூலையில், நான்கு நாள் முன்னதாக, கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய் வீழ்ந்தார். இரண்டு வாரத்தில் பத்து வெற்றிகள் என்று இந்தியப் புத்தகங்கள் பெருமையோடு எழுதும். அவருக்கு வயது 19 என்பதை அதே வரியில் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

விமானி அஞ்சமாட்டான் என்று நம்பிய படைக்கு, அஞ்சியவனை என்ன செய்வதென்று தெரியவில்லை. பிரிட்டிஷ் விமானப்படை 1940இலிருந்து அதற்கு ஒரு முத்திரை வைத்திருந்தது: மன உறுதி இல்லாதவன். மருத்துவக் காரணம் காட்ட முடியாமல் பறக்க மறுத்தவன் கோப்பில் இது விழுந்தால் அவன் சிறகுச் சின்னம் போகும், பதவி போகும், மானம் போகும். குண்டுவீச்சு விமானப் பிரிவில்தான் இது அதிகம் பாய்ந்தது. சண்டை விமானிகளும் இதன் நிழலிலேயே இருந்தார்கள். அதனால் என்ன ஆயிற்று? களைத்துப்போனவன் களைத்தேன் என்று சொல்லவில்லை. 303ஆம் படையணியில் பறந்த செக் நாட்டவர் யோசஃப் ஃபிரான்டிசெக் 17 வெற்றிகளோடு அந்த வானப்போரின் முன்வரிசையில் இருந்தவர். 1940 அக்டோபர் 8 அன்று, தன் 26ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள், எதிரி யாரும் சுடாமலேயே இங்கிலாந்தின் ஈவெல் அருகே தரையில் மோதி இறந்தார். களைப்பு என்று பலர் கருதினார்கள். அஞ்சாத வீரன் என்ற பட்டத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டு, ஓய்வைக் கொடுக்க மறந்தார்கள்.

இளைஞருக்கு ஊக்கம் தரும் கதைதானே, இதில் என்ன கெடுதல் என்பவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். பயப்படாதவனே வீரன் என்று கேட்டு வளர்ந்த பையன், தன் வயிறு சுருளும்போது தன்னைக் கோழை என்று நினைக்கிறான். குடிசைக்குப் பின்னால் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் விமானத்தில் ஏறியவனை அவனுக்குக் காட்டுங்கள்.

6. புண்களை என்ன செய்தோம்?

மார்பிலும் முகத்திலும் பட்ட புண்ணை விழுப்புண் என்று கொண்டாடிய மொழி நம்முடையது. வானப் பரணி பாடுவோர் முகத்தில் பட்ட புண்ணைப் பார்க்க மறுக்கிறார்கள். ஸ்பிட்ஃபயரில் எரிபொருள் தொட்டி விமானிக்கு நேர் முன்னே. ஹரிக்கேனிலும் ஒரு தொட்டி முன்பலகைக்குப் பின்னால். தொட்டி பற்றினால் தீ முகத்துக்கும் கைக்கும்தான் வரும். பிரிட்டனின் சண்டை விமானப் பிரிவில் போர் முழுவதிலும் விக்டோரியா கிராஸ் பெற்ற ஒரே ஒருவர் ஜேம்ஸ் நிக்கல்சன். 1940 ஆகஸ்ட் 16 அன்று சவுதாம்ப்டன் அருகே எரியும் ஹரிக்கேனில் இருந்தபடி எதிரியைச் சுட்டுவிட்டுக் குதித்தார். பாராசூட்டில் இறங்கும்போது அவரைச் சுட்டுக் காயப்படுத்தியவர்கள் தரையில் நின்ற சொந்த நாட்டுக் காவல் தொண்டர்கள். அவர் மாண்டது 1945 மே மாதம், வங்காள விரிகுடாவில் விழுந்த ஒரு லிபரேட்டர் விமானத்தில். அன்று அவர் ஓட்டுபவர் அல்லர், பார்வையாளராக ஏறியவர்.

எரிந்தவர்களுக்குக் கிழக்கு கிரின்ஸ்டெட் என்ற சிற்றூர் மருத்துவமனையில் ஆர்ச்சிபால்ட் மக்கிண்டோ என்ற நியூசிலாந்துக்காரர் இமையும் மூக்கும் விரலும் புதிதாக அமைத்தார். தீப்புண்ணுக்கு அன்று எல்லோரும் பூசிய டானிக் அமிலம் தோலை ஓடுபோல இறுக்கிவிடுகிறது என்று கண்டு அதை நிறுத்தினார். கடலில் விழுந்தவர்களின் புண் நன்றாக ஆறுவதைக் கவனித்து உப்புநீர்க் குளியல் வைத்தார். ஊராரிடம் போய், என் பையன்களை வீட்டுக்குச் சாப்பிட அழையுங்கள் என்று கேட்டார். ஊரார் அழைத்தார்கள். முகம் முழுதாக இல்லாதவன் தெருவில் நடந்தால் யாரும் உற்றுப் பார்க்கவில்லை. 1941இல் அந்த நோயாளிகள் தமக்குள் ஒரு சங்கம் அமைத்தார்கள். போர் முடிந்தபோது உறுப்பினர்கள் 649. அவர்களில் பெரும்பாலோர் சண்டை விமானிகள்கூட இல்லை, குண்டுவீச்சு விமானங்களில் இருந்தவர்கள். சர்ச்சில் 1940 ஆகஸ்ட் 20 உரையில் அந்தச் சில சண்டை விமானிகளைப் புகழ்ந்த கையோடு குண்டுவீச்சு விமானிகளையும் மறக்கவேண்டாம் என்றார். அந்தப் பகுதி யாருக்கும் நினைவில்லை.

மக்கிண்டோவிடம் வந்தவர்களில் ரிச்சர்ட் ஹில்லரியும் ஒருவர். ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர், அழகர். 1940 செப்டம்பர் 3 அன்று எரியும் ஸ்பிட்ஃபயரிலிருந்து கடலில் விழுந்தார். மார்கேட் உயிர்காப்புப் படகு எடுத்து வந்தது. இமைகள் போயிருந்தன, கைகள் சுருண்டிருந்தன. பல அறுவைக்குப் பிறகு ஒரு நூல் எழுதினார், 1942இல் அது வெளிவந்து பேர் பெற்றது. அதோடு நின்றிருக்கலாம். தன்னைத் திரும்பப் பறக்கவிடவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உணவு மேசையில் கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தடுமாறிய அந்தக் கைகளுக்கு, ஸ்காட்லாந்தின் சார்டர்ஹால் தளத்தில் இரவுச் சண்டைப் பயிற்சிக்கு அனுமதி கொடுத்தார்கள். 1943 ஜனவரி 8, விடியாத குளிர் வேளையில், அவர் ஓட்டிய பிளென்ஹைம் தரையில் மோதியது. ஹில்லரியின் மரணத்தைப் பற்றிக் கட்டுரைகள் உண்டு, வாழ்க்கை வரலாறுகள் உண்டு. தனித்துப் பறந்த வீரனின் முடிவு என்று அதைப் பாடியவர்களும் உண்டு. பிளென்ஹைமில் ஒருவர் மட்டும் பறப்பதில்லை. அந்தக் கைகளை நம்பிப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் ஃபிசன் என்ற சார்ஜன்ட். அவரும் அங்கேயே இறந்தார்.